மைலேஜுக்குப் பக்கத்தில் நட்சத்திரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் சுசுகி நிறுவனத்தின் சிறிய கார்களைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். மைலேஜும் மறுவிற்பனை மதிப்பும்தான் அந்தக் கார்கள் நம் நாட்டில் இவ்வளவு விற்பதற்குக் காரணம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எடையைக் குறைப்பது, பொருளைக் குறைப்பது, அதன் வழியாக விலையைக் குறைப்பது என்பது அந்த நிறுவனத்தின் பிறவிக் குணம். உரிமையாளர்கள் அந்தக் கார்களைப் பற்றிச் சொல்லும் பெருமைகள் அனைத்தும் அந்தக் குணத்திலிருந்தே வருகின்றன. நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு போகும்போது அதே உரிமையாளர்களின் மனத்தில் எழும் அச்சமும் அதிலிருந்தே வருகிறது. முன்னதை மட்டும் அச்சிட்டுப் பின்னதை விட்டுவிடுவது, கார் வாங்குவதற்கு முன் தங்கள் பக்கத்தை நம்பிப் படிக்கும் வாசகர்களுக்கு நியாயமாகாது என்பதால் இந்தக் கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜப்பானின் ஷிசுவோகா மாநிலத்திலுள்ள ஹமாமட்சு நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் பருத்தி விளைந்த, நெசவு நடந்த பூமி. டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட சகிச்சி டொயோடாவும் அந்தப் பக்கத்தில் பிறந்து தறியில் புதுமை செய்தவர்தான். அங்கே 1887-இல் பருத்தி விவசாயக் குடும்பத்தில் பிறந்த மிச்சியோ சுசுகி, தச்சு வேலை பழகி, 1909-இல் தறி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். தன் தாய்க்காகச் செய்த தறிதான் அவருடைய முதல் தறி என்று நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. 1920-இல் பட்டறை பங்கு நிறுவனமாயிற்று. தென்கிழக்கு ஆசியாவில் உடுத்தப்படும் கட்டம் போட்ட சரோங் துணியை, அதாவது நாம் கைலி என்று சொல்லும் வகைத் துணியை, நெய்வதற்கென்றே தறிகள் செய்து ஏற்றுமதி செய்த நிறுவனம் அது. தறி எளிதில் தேய்ந்து போவதில்லை. ஒருமுறை வாங்கியவர் நெடுங்காலம் மறுபடி வாங்க வரமாட்டார். அதனால் வேறு தொழில் தேட வேண்டும் என்று எண்ணிய மிச்சியோ, 1937-இலேயே ஆங்கிலேயரின் ஆஸ்டின் செவன் காரை வரவழைத்துப் பிரித்துப் பார்த்துச் சிறிய கார் செய்ய முயன்றார். போர் வந்ததால் அம்முயற்சி நின்றுபோனது.

போருக்குப் பின் பருத்திச் சந்தை சரிந்தபோது நிறுவனத்தைக் காப்பாற்றியது ஒரு சைக்கிள் எந்திரம். மிச்சியோவின் மருமகன் ஷுன்சோ சுசுகி மீன்பிடிக்கப் போய்விட்டு எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துத் திரும்புகையில், மிதிக்கும் சிரமத்தைக் குறைக்கச் சின்ன எந்திரம் ஒன்று இருந்தால் போதுமே என்று நினைத்ததாகச் சொல்வார்கள். 1952-இல் வெளிவந்த அந்த ‘பவர் ஃப்ரீ’ வெறும் 36 சி.சி. கொள்ளளவு கொண்டது. 1954-இல் நிறுவனத்தின் பெயரிலிருந்து தறி நீங்கி மோட்டார் ஏறியது. 1955-இல் 360 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் எந்திரத்துடன், முன்சக்கரங்கள் இழுக்கும் ‘சுசுலைட்’ கார் வந்தது. சாதாரண மக்கள் வாங்கும்படியான சிறு வாகனங்களை ஊக்குவிக்க ஜப்பானிய அரசு ‘கேய்’ என்ற தனி வகுப்பை ஏற்படுத்தியிருந்தது. நீளம், அகலம், எந்திரக் கொள்ளளவு ஆகியவற்றுக்கு வரம்பு. அந்த வரம்புக்குள் அடங்கினால் வரிச்சலுகை. எந்திர வரம்பு 360 சி.சி.யில் இருந்து 1976-இல் 550-ஆகவும் 1990-இல் 660-ஆகவும் உயர்ந்தது. சட்டம் போட்ட சட்டகத்துக்குள் எவ்வளவு இடம், எவ்வளவு பயன் எடுக்க முடியும் என்பதே சுசுகிப் பொறியாளர்களின் வாழ்நாள் கணக்காக இருந்தது.

அந்தக் கணக்கை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஒசாமு சுசுகி. கிஃபு மாநிலத்தில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்து, சுசுகி குடும்பத்தில் திருமணம் செய்து அக்குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டு 1958-இல் நிறுவனத்தில் சேர்ந்தவர், 1978-இல் தலைவரானார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஜப்பானின் புதிய புகை விதிகளுக்கு இரண்டு ஸ்ட்ரோக் எந்திரங்கள் ஈடுகொடுக்க முடியாமல், டொயோட்டாவின் தயவால் வெளியிலிருந்து எந்திரம் பெற்று வண்டி விற்க வேண்டிய நிலை சுசுகிக்கு ஏற்பட்டிருந்தது. அந்த நெருக்கடியிலிருந்து மீண்ட நிறுவனம் 1979-இல் ‘ஆல்டோ’வை அறிமுகப்படுத்தியது. விலை 4,70,000 யென். பயணிகள் காருக்கு விதிக்கப்பட்ட வரி சரக்கு வண்டிக்கு இல்லை என்பதைக் கவனித்து, பின்னிருக்கையைச் சுருக்கிச் சரக்கு வண்டியாகப் பதிவு செய்யத்தக்கபடி அதை வடிவமைத்திருந்தார்கள். கடைத்தெருவுக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் கார் தேவைப்பட்ட கிராமப்புறப் பெண்கள் அதை விரும்பி வாங்கினார்கள். சிறியதாக, குறைவாக, இலேசாக, குறுகியதாக, அழகாக என்ற ஐந்து சொற்களையே சுசுகி தன் தொழிற்சாலைகளின் விதியாக வைத்துக்கொண்டது. ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கிராமாவது குறையுமா என்று கேட்கும் அந்த மனப்பான்மையை நான் மதிக்கிறேன். ஏழை நாடுகளுக்கும் எளிய மனிதர்களுக்கும் கார் கிடைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இனி இந்தியாவுக்கு வருகிறேன். சஞ்சய் காந்தி 1971-இல் தொடங்கிய மாருதி நிறுவனம் சந்தைக்குத் தக்க கார் ஒன்றைக்கூடத் தயாரிக்காமல் முடங்கியது. 1980-இல் அவர் இறந்த பின் அரசு அதைக் கையகப்படுத்தி, 1981-இல் மாருதி உத்யோக் என்ற பொதுத்துறை நிறுவனமாக்கியது. அதற்குத் தலைமையேற்று வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேடிப் புறப்பட்டவர், பழைய தஞ்சை மாவட்டத்துக் கருவேலியில் பிறந்தவரும் ‘பெல்’ என்னும் பாரத மிகுமின் நிறுவனத்தின் தலைவராக இருந்தவருமான வெ. கிருஷ்ணமூர்த்தி. தங்கள் கட்டுரையில் அவருடைய பெயர் ஒருமுறைகூட வராதது எனக்கு வருத்தமளித்தது. பெரிய நிறுவனங்கள் தயங்கிய நேரத்தில், ஜப்பானிலேயே சிறிய நிறுவனங்களுள் ஒன்றாக எண்ணப்பட்ட சுசுகியின் தலைவர் நேரில் உட்கார்ந்து பேச முன்வந்தார். 1982 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சுசுகிக்கு 26 விழுக்காடு பங்கு. அதற்குப் பதினான்கு மாதங்களில், 1983 டிசம்பர் 14 அன்று, முதல் மாருதி 800-இன் சாவியைத் தில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் இந்திரா காந்தி கொடுத்தார். அரசு நிறுவனம் ஒன்று சொன்ன தேதியில் கார் கொடுத்தது அந்தக் காலத்தில் யாரும் எதிர்பாராத செய்தி.

அதற்கு முன் நமக்குக் கிடைத்தவை அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய சிலவே. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வண்டி வந்த பிறகு பாதி நாள் பட்டறையில் நிற்கும். அந்தச் சூழலில் 796 சி.சி. எந்திரத்தோடு, காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்புகின்ற, பெண்களும் சிரமமில்லாமல் ஓட்டக்கூடிய காரைக் கொடுத்தது சாதாரணக் காரியமில்லை. குர்கான் ஆலையில் மேலதிகாரியும் தொழிலாளியும் ஒரே சீருடை அணிந்து, ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டார்கள். எண்பதுகளின் நடுவில் யென் மதிப்பு ஏறியபோது ஜப்பானிலிருந்து வரும் பாகங்களின் விலை தாங்க முடியாமல் போகவே, உதிரிப் பாகங்களை இங்கேயே செய்யும் பணி விரைந்தது. இன்றைய இந்திய வாகன உதிரிபாகத் தொழில் வளர்ந்ததற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம். ஏறக்குறைய அதே காலத்தில்தான் ஓசூரில் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து இண்ட்-சுசுகி பைக்குகளும் வந்தன. 2001-இல் இரு நிறுவனங்களும் பிரியும் வரை தமிழ்நாட்டு இளைஞர்கள் பலருக்குச் சுசுகி என்றால் பைக்குதான்.

வளர்ச்சியை மட்டும் எழுதி நிறுத்தினால் அந்த வரலாறு குறைபட்டதாகிவிடும். அரசுக்கும் சுசுகிக்கும் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நிர்வாக இயக்குநர் நியமனத்தை ஒட்டி வழக்கு வரை போன தகராறு உண்டு. 2002-இல் சுசுகி பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. 2012 ஜூலையில் மானேசர் ஆலையில் நடந்த வன்முறையில் மனிதவளப் பிரிவின் அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பல தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். 2017-இல் 13 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஊதியம், தொழிற்சங்க உரிமை ஆகியவை பற்றி அதற்கு முன்பிருந்தே இருந்த மனக்குறைகளையும் சேர்த்தே அந்தத் துயரத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பானிலும் எரிபொருள் சிக்கனத்தை அளவிடுவதில் விதிப்படியான முறையைப் பின்பற்றவில்லை என்று 2016-இல் சுசுகி ஒப்புக்கொண்டது. ஆலைச் சோதனைகளில் நடந்த முறைகேடுகளால் 2019-இல் ஏறத்தாழ 20 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. செலவைக் குறைக்கும் குணம் சோதனையையும் குறைக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று.

உரிமையாளர்களின் கருத்துக்கு வருவோம். ஈரோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் சுசுகி கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் முதலில் வரும் பதில், எந்த ஊரில் வண்டி நின்றாலும் பார்க்க ஆள் உண்டு என்பதுதான். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் இல்லாத சிற்றூரிலும் ஆல்டோவையோ வேகன்ஆரையோ பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். ஸ்பேர் அருகிலுள்ள நகரத்துக் கடையிலேயே கிடைக்கும். மைலேஜ் அதற்கு அடுத்ததாகத்தான் வரும். மூன்றாவது, விற்கப் போனால் வாங்க ஆள் இருப்பது. மறுவிற்பனையைப் பேராசையாகப் பார்க்கக் கூடாது. மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ அவசரமாகப் பணம் தேவைப்படும் நடுத்தரக் குடும்பத்துக்கு, நகையைப் போல நம்பிப் பணமாக்கக்கூடிய உடைமையாக அந்தக் கார் இருக்கிறது.

ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி அபிமானிகள் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்து இறங்கியதும் அதற்குப் போட்டியாக 1999-இல் வந்த வேகன்ஆரை முதியவர்கள் விரும்புவதற்குக் காரணம், குனிந்து நெளியாமல் நேராக ஏறி உட்காரலாம் என்பதே. முட்டிவலி உள்ளவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆம்னி வேன் பள்ளிப் பிள்ளைகளையும் காய்கறிக் கூடைகளையும் நோயாளிகளையும் மாறி மாறிச் சுமந்தது. 2005-இல் வந்த ஸ்விஃப்ட்டை ஓட்டுவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது என்று சொல்லாதவர் குறைவு. 2007-இல் ஸ்விஃப்ட்டில் பொருத்தப்பட்ட 1248 சி.சி. டீசல் எந்திரம் சுசுகியின் சொந்த எந்திரமன்று. இத்தாலியின் ஃபியட் வடிவமைத்தது. உரிமம் பெற்று மானேசரில் தயாரித்தார்கள். எந்திரம் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே சுழன்றால் இழுவை இல்லை, நெரிசலில் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று குறை சொன்ன டாக்ஸி ஓட்டுநர்களே, லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் எந்திரத்தைத் திறக்க வேண்டியிருக்கவில்லை என்று பாராட்டவும் செய்தார்கள். வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலோடு அந்த எந்திரம் விடைபெற்றது. அதை எண்ணி வருந்தும் ஓட்டுநர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

குறைகளையும் அவர்களே மறைக்காமல் சொல்கிறார்கள். கதவை மூடினால் தகரச் சத்தம். வேகமெடுத்தால் உள்ளே சாலை இரைச்சல். லாரி கடந்து போகும்போது காற்றில் வண்டி ஒதுங்குகிறது. ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் பின்பக்கம் அமுங்குகிறது. 2014-இல் செலெரியோவில் தொடங்கிய, கிளட்ச் மிதி இல்லாத கியர் அமைப்பு ஒவ்வொரு மாற்றத்திலும் தலையாட்ட வைக்கிறது. டிசையரின் கதையும் கவனிக்கத்தக்கது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறு கார்களுக்கு அரசு 2006-இல் உற்பத்தி வரியைக் குறைத்தது. 2008-இல் வந்த முதல் டிசையர் அந்த அளவைத் தாண்டியிருந்தது. 2012-இல் அதை 3,995 மில்லிமீட்டருக்குள் வெட்டிச் சுருக்கினார்கள். 440 லிட்டராக இருந்த டிக்கி 316 லிட்டரானது. விலை குறைந்தது என்று மகிழ்ந்தவர்களே, இரண்டு பெரிய பெட்டிகளை வைக்க இடமில்லை என்று வருந்தினார்கள். ஜப்பானில் கேய் விதி காரை வடிவமைத்தது போலவே இங்கும் வரி விதிதான் காரை வடிவமைத்தது. 2025 செப்டம்பரில் சிறு கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்தபோதும் அதே நான்கு மீட்டர் கோடுதான் அளவுகோலாக நின்றது.

இரைச்சலும் டிக்கியும் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. மோதலின்போது கார் எப்படி நடந்துகொள்கிறது என்பது அப்படிப்பட்டதன்று. கார்களை மோதவிட்டுப் பார்த்துப் பாதுகாப்புக்கு ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, 2014-இல் இந்தியாவில் விற்கப்பட்ட ஆல்டோ 800-ஐ மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட்டுக்கும் பூச்சியமே. இதில் என்னை உறுத்துவது, ஐரோப்பாவில் விற்கப்பட்ட ஸ்விஃப்ட் 2010-இலேயே யூரோ என்கேப்பின் ஐந்து நட்சத்திரங்களைப் பெற்றிருந்தது என்பதுதான். இரு சோதனைகளின் விதிமுறைகள் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு ஏர்பேக்குகளோடு கொடுத்ததை நமக்கு அவை இல்லாமலும் விற்க முடிந்தது என்ற உண்மை அதனால் மாறிவிடாது. 2016-இல் செலெரியோவும் ஈகோவும் பூச்சியம் பெற்றன. 2020-இல் எஸ்-பிரஸ்ஸோ பூச்சியம். விதிகள் கடுமையாக்கப்பட்ட பின் 2022 டிசம்பரில் ஸ்விஃப்ட், இக்னிஸ், எஸ்-பிரஸ்ஸோ மூன்றுக்கும் ஆளுக்கொரு நட்சத்திரம். 2023-இல் வேகன்ஆருக்கு ஒன்று, ஆல்டோ கே10-க்கு இரண்டு. 2018-இல் நான்கு நட்சத்திரம் பெற்ற விட்டாரா பிரெஸ்ஸாவை விதிவிலக்காகச் சொல்லலாம். ஆம்னியில் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் தகட்டைத் தவிர நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள எந்தப் பகுதியும் இல்லை என்பதை அறிந்தே அதைப் பல பத்தாண்டுகளாக ஓட்டினோம். 2019-இல்தான் அதன் உற்பத்தி நின்றது.

இதற்கு நிறுவனத் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. விலை ஏறினால் ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாற நினைக்கும் குடும்பம் ஸ்கூட்டரிலேயே தங்கிவிடும், ஸ்கூட்டரைவிட எந்தக் காரும் பாதுகாப்பானது என்பது அந்த வாதம். ஆறு ஏர்பேக்குகளைக் கட்டாயமாக்கும் யோசனை எழுந்தபோது மாருதியின் தலைவர் ஆர்.சி. பார்கவா இதை ஒட்டியே பேசினார். 2022-இல் நாட்டின் சாலை விபத்துகளில் இறந்த 1.68 லட்சம் பேரில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் ஏறத்தாழ 44 விழுக்காடு என்பதைப் பார்க்கும்போது அந்த வாதத்தில் உள்ள நியாயம் புரிகிறது. மழையில் இரண்டு பிள்ளைகளைப் பைக்கின் முன்னும் பின்னும் உட்கார வைத்துப் போகும் தகப்பனுக்கு ஆல்டோ ஒரு கவசம்தான்.

ஆனால் அந்த வாதம் ஆல்டோவோடு நிற்க வேண்டும். ஆறு லட்சம், எட்டு லட்சம் கொடுத்து ஸ்விஃப்ட் வாங்குபவர் ஸ்கூட்டரை விட்டு வருபவர் அல்லர். பெரும்பாலும் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிய கார் வாங்குபவர். அவர் அலாய் சக்கரத்துக்கும் தொடுதிரைக்கும் கூடுதல் பணம் கொடுக்கிறார். அவரிடம் காரின் உறுதியான உடற்கூட்டுக்கும் ஏர்பேக்குகளுக்கும் விலை சொன்னால் கொடுக்க மாட்டார் என்று நிறுவனமே முடிவு செய்துகொண்டது தவறு. டாடாவின் நெக்ஸான் 2018 டிசம்பரில் ஐந்து நட்சத்திரம் பெற்ற பிறகு, விற்பனைக் கூடங்களில் வாடிக்கையாளர்கள் நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். கேட்கத் தெரிந்ததும் கேட்டார்கள் என்பதே உண்மை.

இலேசான கார் பலவீனமாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்ததும் சுசுகியே. 2024 நவம்பரில் வந்த புதிய டிசையர் ஏறத்தாழ ஒரு டன் எடைதான், 6.79 லட்சம் ரூபாயில் தொடங்கியது. எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக்குகள். குளோபல் என்கேப் அதற்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்தும் குழந்தைகள் பாதுகாப்பில் நான்கும் கொடுத்தது. மாருதி கார் ஒன்று ஐந்து நட்சத்திரம் பெற்றது அதுவே முதல்முறை. வலுமிக்க எஃகை எந்த இடத்தில் எவ்வளவு வைப்பது என்ற கணக்கைச் சரியாகப் போட்டால் எடையைக் கூட்டாமலேயே உயிர் காக்கலாம் என்பதைத் தறி காலத்துச் சிக்கனத்தோடு வளர்ந்த பொறியாளர்களே நிரூபித்துவிட்டார்கள். எனக்கு மகிழ்ச்சிதான், அதே சமயம், 2014-இல் ஏன் இதைச் செய்யவில்லை என்ற கேள்வியும் எழுகிறது. 2025-இல் ஆல்டோ கே10, வேகன்ஆர், செலெரியோ, ஈகோ ஆகியவற்றிலும் ஆறு ஏர்பேக்குகள் வந்துவிட்டன. வரவேற்கிறேன். ஆனால் உடற்கூடு நிலையாக இல்லாத காரில் ஏர்பேக் எண்ணிக்கை மட்டும் கூடினால் பாதுகாப்பு அதே அளவுக்குக் கூடிவிடாது என்பதை வாகனப் பக்கம் எழுதுபவர்கள் வாசகருக்கு விளக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று இந்தியாவிலிருந்து ஜப்பானுக்கே சுசுகி கார்கள் போகின்றன. குர்கானில் தயாராகும் ஐந்து கதவு ஜிம்னி, 2025 தொடக்கத்தில் ‘நோமேட்’ என்ற பெயரில் அங்கே அறிவிக்கப்பட்டதும் சில நாள்களில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பதிவுகள் குவிந்து, பதிவையே நிறுத்திவைத்தார்கள். குஜராத் ஆலையில் செய்யப்படும் ஃப்ரான்க்ஸ் 2024-இல் ஜப்பானுக்குப் போனது. முன்னால் தடை இருப்பதை உணர்ந்து தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி அங்கே விற்கப்படும் ஃப்ரான்க்ஸில் இருக்கிறது. அதே ஆண்டில் அதே ஆலையிலிருந்து நமக்கு விற்கப்பட்ட ஃப்ரான்க்ஸில் இல்லை. நம் தொழிலாளர்களின் கைகளால் அந்த வசதியைப் பொருத்த முடிகிறது. நம் சாலைக்கு மட்டும் அது தேவையில்லை என்று யார் தீர்மானித்தார்கள்?

சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டுதான் வருகிறது. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்க மோதல் சோதனை, புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும் ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபரிலும் கட்டாயமானது. 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கென்று நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் தொடங்கியது. அதில் காரைச் சோதனைக்குக் கொடுப்பது நிறுவனத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. நல்ல மதிப்பெண் வரும் என்று தெரிந்த மாடலை முன்னால் அனுப்பிவிட்டு மற்றதைப் பின்னால் வைத்துக்கொள்ள அதில் இடமிருக்கிறது. அந்த இடைவெளியை நாளிதழ்கள் நிரப்ப முடியும்.

ஒசாமு சுசுகி 2024 டிசம்பர் 25 அன்று தம் 94-ஆம் வயதில் மறைந்தார். மறுமாதம் இந்திய அரசு அவருக்கு மறைவுக்குப் பின் பத்ம விபூஷண் அறிவித்தது, அது தகும். வெ. கிருஷ்ணமூர்த்தி 2022-இல் சென்னையில் காலமானார். அவ்விருவரும் மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்து பேசி முடித்த ஒப்பந்தத்தால் கோடிக்கணக்கான குடும்பங்களுக்குக் கார் கிடைத்தது. அந்தக் குடும்பங்கள் நாற்பது ஆண்டுகளாகக் காட்டிவரும் நம்பிக்கைக்கு ஈடாக நிறுவனம் செய்ய வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி எந்த நிறுவனத்தின் காரைப் பற்றித் தங்கள் பக்கத்தில் எழுதினாலும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வரிக்குப் பக்கத்திலேயே அதன் மோதல் சோதனை முடிவையும் அச்சிடுங்கள். பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை, சோதித்தது குளோபல் என்கேப்பா பாரத் என்கேப்பா, எந்த ஆண்டின் விதிப்படி, விலை குறைந்த வகையைச் சோதித்தார்களா உயர்ந்த வகையையா என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னும் சோதிக்கப்படாத கார் என்றால் ‘சோதிக்கப்படவில்லை’ என்ற சொல்லையே அந்த இடத்தில் போடுங்கள். கூடவே, ஐந்தாண்டுகளுக்கு மேல் அந்த நிறுவனத்தின் காரை வைத்திருக்கும் உரிமையாளர்கள் சிலரிடம் பேசி, அவர்கள் சொல்லும் நிறையையும் குறையையும் வெட்டாமல் வெளியிடுங்கள். விளம்பரம் தரும் நிறுவனங்கள் இதனால் வருந்தக்கூடும். அந்தச் சங்கடத்தைத் தாங்கும் வலிமை தங்கள் நாளிதழுக்கு உண்டு என்று நம்பியே இதை எழுதுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற இயந்திரவியல் விரிவுரையாளர்,
ஈரோடு.